பழைய இழைப்புளியை ஏலத்தில் எடுப்பது: எதைப் பார்ப்பது, எந்த விலையில் நிறுத்துவது

பழைய கைக்கருவி ஏலங்களில் மிக அதிகமாகக் கைமாறுவது இழைப்புளிதான். அதிலும் பெரும்பங்கு அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் வார்த்த இரும்பு இழைப்புளிகள். லியனார்டு பெய்லியின் தொழிலையும் காப்புரிமைகளையும் ஸ்டான்லி 1869-இல் வாங்கியது. அன்று அமைந்த வடிவம் நூறாண்டு கடந்தும் அடிப்படையில் மாறவில்லை. அதனால் எந்தக் காலத்துக் கருவிக்கும் உதிரி கிடைக்கிறது. அதே காரணத்தால், 1912-ஆம் ஆண்டு உடலில் பிளேடைத் தாங்கும் 1950-களின் ஃப்ராக்கையும் வேறொரு நிறுவனத்தின் பிளேடையும் மாட்டி, துடைத்துப் படம் எடுத்து, "அசல் நிலை" என்று ஏலத்தில் விடவும் முடிகிறது.

ஏலத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் துருவைத்தான் பார்க்கிறார்கள். துரு சின்ன விஷயம். மேல் துருவை ஒரு மாலைப்பொழுதில் நீக்கிவிடலாம். பார்க்க வேண்டியது, எல்லாப் பாகமும் ஒரே கருவியில் பிறந்தவையா, வார்ப்பு முழுசாக இருக்கிறதா என்ற இரண்டைத்தான். விலையில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான்.

முதலில் அளவு எண்கள். 3-ஆம் எண் 8 அங்குல நீளம், 4-ஆம் எண் 9, 5-ஆம் எண் 14, 6-ஆம் எண் 18, 7-ஆம் எண் 22, 8-ஆம் எண் 24 அங்குலம். 4, 5 இரண்டும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. நல்ல நிலையில் இருந்தாலும் அமெரிக்காவில் பெரும்பாலும் 30 முதல் 60 டாலருக்குள் கிடைக்கும். அவற்றுக்காக ஏலத்தில் முட்டி மோதத் தேவையே இல்லை. எண்ணுக்குப் பின்னால் கால், அரை ஒட்டியிருப்பவற்றில்தான் கவனம் வைக்க வேண்டும். விற்கிறவர் பலமுறை அந்தப் பின்னத்தைக் கவனிக்காமல் வெறும் 5 என்று எழுதிவிடுவார். ஐந்தேகால் என்பது பதினொன்றரை அங்குல நீளமும் ஒன்றேமுக்கால் அங்குல பிளேடும் கொண்டது. படத்தில் பக்கத்தில் ஏதாவது அளவுகோல் இருந்தால் எண்ணை நம்பாமல் நீளத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

காலத்தைப் படிக்கும் முறை

பெய்லி வகை இழைப்புளிகளைச் சேகரிப்பவர்கள் "டைப்" எண்களால் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே சொல்லும் சில அடையாளங்கள் தெரிந்தால், ஒட்டுப்போட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றைப் படத்திலேயே பிடித்துவிடலாம்.

ஃப்ராக் என்பது பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்புத் துண்டு. அதற்குப் பின்னால், உடலின் தரையில் காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருக்கும். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19 என்று இரண்டு தேதி மட்டும் இருந்தால் உடல் 1902-க்கும் 1909-க்கும் இடைப்பட்டது. அவற்றோடு 1910 ஏப்ரல் 19 சேர்ந்து மூன்று தேதி இருந்தால் 1910-க்குப் பிந்தையது. இந்த மூன்று தேதி உடலில் முன் குமிழ் குட்டையாக இருந்தால் அது 1910–1918 காலத்து டைப் 11. மரவேலை செய்கிறவர்கள் இன்றும் மிகவும் விரும்பித் தேடுவது அதைத்தான். 1919 வாக்கில் குமிழ் உயரமாகிறது. ஆழம் சரிசெய்யும் பித்தளைத் திருகு வட்டமும் பெரிதாகி, ஒன்றேகால் அங்குல விட்டத்துக்கு வருகிறது. 1920-களின் நடுவில் ஒரே தேதிதான் மிஞ்சும். 1929 வாக்கில் முன் குமிழின் அடியைச் சுற்றி வார்ப்பிலேயே ஒரு வளையம் எழும்பியிருக்கும். குமிழின் அடி பிளந்துபோகாமல் காக்க வைத்த வளையம் அது. பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பின் துளை சாவித்துளை வடிவத்திலிருந்து சிறுநீரக வடிவத்துக்கு மாறுவது 1933-இல்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஏறத்தாழ 1942 முதல் 1945 வரை, பித்தளை கிடைக்காததால் திருகு வட்டம் கெட்டி ரப்பரிலோ இரும்பிலோ வந்தது. கைப்பிடி ரோஸ்வுட்டுக்குப் பதில் சாயம் பூசிய சாதாரண மரம். பார்க்க ஏழையாக இருக்கும். ஆனால் வார்ப்பு வழக்கத்தைவிடத் தடிமன். வேலைக்கு வாங்குகிறவர் இதை ஒதுக்க வேண்டியதில்லை. போர்க்கால இழைப்புளியில் யாராவது "மேம்படுத்தி" பித்தளை மாட்டியிருந்தால் சேகரிப்பாளருக்கு அதன் மதிப்பு போய்விடும்.

இப்போது இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். மூன்று தேதி உடல், குட்டைக் குமிழ், ஆனால் லீவர் கேப்பில் சிறுநீரகத் துளை என்றால், கேப் குறைந்தது 15 ஆண்டு இளையது. இரண்டு தேதி உடலில் உயரக் குமிழ் இருந்தால் குமிழ் பிற்காலத்தது. ஃப்ராக்கை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு பெய்லி வகையில் 1907-க்குப் பிறகுதான் வந்தது. ஃப்ராக்கின் பின்புறம் கவைபோன்ற தகடு இருந்து, உடலில் அதற்கான திருகுத் துளை இல்லையென்றால், அந்த ஃப்ராக் வேறு கருவியிலிருந்து வந்தது. ஃப்ராக் மாறியிருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான கலப்பு. அடியிலுள்ள உட்காரும் முகங்கள் இரண்டும் இணையாமல், இழைக்கும்போது பிளேடு அதிர்ந்து மரத்தில் அலையலையாகக் கோடு விழும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தொழிற்சாலையில் மிச்சமிருந்த பழைய பாகங்களை வீணாக்காமல் புதிய உடலில் போட்டு அனுப்பினார்கள். அடுத்தடுத்த இரண்டு காலகட்டங்களின் அடையாளம் கலந்திருந்தால் அது இயல்பு. இரண்டு மூன்று கட்டம் தாண்டிக் கலந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இங்கிலாந்தில் செய்த ஸ்டான்லிகளுக்கும், ஸ்டான்லியின் 600 வரிசை பெட்ராக் இழைப்புளிகளுக்கும் இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. 1931-இல் ஷெஃபீல்டில் தொடங்கிய ரெக்கார்டு இழைப்புளிகள் அதே வடிவம்தான், ஆனால் அவற்றின் காலக்கணக்கு தனி.

வார்ப்பு

வார்ப்பிரும்பு வளையாது, உடையும். விரிசல் வரும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: பிளேடு வெளியே நீட்டும் அடிப்பிளவான வாயின் இரு மூலைகள், வாய்க்கு நேர் மேலே பக்கச் சுவர், பின் கைப்பிடி திருகு இறங்கும் இடம். ஏல விடுதிக்கு நேரில் போக முடிந்தால் பிளேடையும் லீவர் கேப்பையும் கழற்ற அனுமதி கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், அது வழக்கம்தான். கழற்றிய உடலை விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் முழு வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிந்த வார்ப்பு மந்தமாகத் தட்டென்று நிற்கும். கைப்பிடியும் குமிழும் தளர்ந்திருந்தாலும் ஒலி மங்கும், அதனால் அவற்றை முதலில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

மெல்லிய விரிசல் அழுக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சொந்தக் கருவியில் சோதிக்க எளிய வழி: சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்க்க வேண்டும். விரிசலுக்குள் போன எண்ணெய் மறுபடி கசிந்து தூளில் கோடாகத் தெரியும். ஏல விடுதியில் இதைச் செய்ய முடியாது. அங்கே சாய்வாகப் பிடித்த டார்ச் வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதும். சிறிய புற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. எப்பாக்சியால் அடைத்த இடமும் ஒட்டிய கைப்பிடியின் பசைக்கோடும் அதில் பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும்.

பித்தளைப் பற்று வைத்து அடைத்த விரிசல் மஞ்சளாகத் தெரியும். அதை மறைக்க உடல் முழுவதையும் கறுப்பாகப் பூசிவிடுவார்கள். ஸ்டான்லியின் அசல் கறுப்புப் பூச்சு ஜப்பானிங் எனப்படும். நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் கலந்து சூளையில் சுட்டது. தடிமனாக, ஆழமான பளபளப்போடு, எழுத்துகளின் ஓரங்களை மெல்ல உருட்டியிருக்கும். ஸ்பிரே பெயிண்ட் மெலிதாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக, பழைய குழிகளின் மேலேயே படிந்திருக்கும். புதுப்பூச்சு கண்ணில் பட்டதும் "எதை மறைத்தார்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அழகுக்காகச் செய்திருப்பார்கள். ஆனாலும் சேகரிப்பு விலை தராதீர்கள்.

வாயை அடியிலிருந்து பாருங்கள். ஓரம் நேராக, இரு பக்கமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அரத்தால் அகலப்படுத்திய வாய் ஒருபோதும் பழைய நிலைக்கு வராது. அடித்தட்டைப் பலமுறை தேய்த்துச் சமன் செய்திருந்தால் உடல் மெலிந்திருக்கும். பக்கச் சுவரும் அடியும் சேரும் விளிம்பு கத்திபோல் கூராக இருப்பது அதற்கு அடையாளம்.

பிளேடில் மூன்றே விஷயம்: மேலே உள்ள முத்திரை, துளையிலிருந்து வெட்டு முனைவரை மிச்சமுள்ள நீளம், தட்டையான பின்முகத்தில் குழி. துளைக்கும் முனைக்கும் நடுவே ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் அதன் ஆயுள் முடிந்த மாதிரிதான். சாய்வு தீட்டிய மறுமுகத்தில் உள்ள குழியால் ஒன்றுமில்லை. பின்முகத்தில், வெட்டு முனையை ஒட்டிக் குழி இருந்தால் எத்தனை முறை தீட்டினாலும் மரத்தில் கீற்று விழும். பின்முகத்தோடு திருகியிருக்கும் தகடான சிப் பிரேக்கரைக் கழற்றாமல் எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. ஈரம் தங்கிக் குழி விழுவது அதற்கு அடியில்தான். விற்பவரிடம் கேட்க ஒரே ஒரு படம் அனுமதி என்றால் இந்தப் படத்தைத்தான் கேட்க வேண்டும்.

கைப்பிடியின் மேல்நுனிக் கொம்பு உடைந்திருப்பது சகஜம். நடுவில் குறுக்காக விரிசல் விட்டு ஒட்டியிருப்பதும் சகஜம். வேலைக்கு வாங்குகிறவருக்கு இரண்டும் பொருட்டில்லை, சேகரிப்பாளருக்குக் கணிசமான தள்ளுபடி. கைப்பிடி மாற்றலாம் என்று நினைத்தால், திருகுகள் சிக்கல். கைப்பிடித் தண்டு 12-20 என்ற மரை. லீவர் கேப் திருகு முப்பத்திரண்டில் ஒன்பது அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை. ஆழத்துக்கான பித்தளைத் திருகும் அதே அளவு, ஆனால் இடக்கை மரை. இவை எதுவும் இரும்புக் கடையில் கிடைக்காது. காணாமல்போன ஒரு திருகுக்காக இன்னொரு உடைந்த இழைப்புளியை வாங்க வேண்டிவரும். அதனால் படத்தில் ஒவ்வொரு திருகின் தலையையும் எண்ணிப் பாருங்கள்.

போலிகள்

4, 5 எண்களைப் போலி செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். 1-ஆம் எண் வேறு. ஐந்தரை அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல பிளேடு, உள்ளங்கைக்குள் அடங்கும் இழைப்புளி. நல்ல நிலையில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம். அதில் பக்கவாட்டுச் சரிசெய் நெம்புகோல் ஒருபோதும் இருந்ததில்லை. இருந்தால் அது ஸ்டான்லி 1 இல்லை. அசலை அச்சாக வைத்து மணலில் வார்த்த நகலைப் பிடிக்க ஒரு நல்ல வழி வெர்னியர் அளவி. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். ஐந்தரை அங்குலத்துக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. அசலின் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நீளம், அகலம், சுவர் உயரம் மூன்றையும் அளந்து, மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது நகல். நகலில் வார்ப்பின் மேற்பரப்பும் சொரசொரப்பாக, ஓரங்கள் மழுங்கி இருக்கும்.

நேர்மையாகத் தங்கள் பெயரைப் பொறித்து இன்றும் 1-ஆம் எண் வடிவத்தைச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. அவை போலி அல்ல. அந்தப் பெயரை யாராவது அரத்தால் தேய்த்து எடுத்திருந்தால்தான் போலி.

பல பாகக் கருவிகளில் போலியைவிடப் பெரிய பிரச்சினை குறை. பிளேடை மாற்றிப் பல வடிவம் இழைக்கும் ஸ்டான்லி 45, 55 என்ற கூட்டு இழைப்புளிகள் பார்க்கவே ஆசையைத் தூண்டும். 55-க்கு மரப்பெட்டிகளில் அடுக்கிய 55 பிளேடு. 45-க்கு நீளத் தண்டு ஒரு ஜோடி, குட்டைத் தண்டு ஒரு ஜோடி, வேலி, நகரும் பகுதி, ஆழத் தடுப்பு, குறுக்கிழைக்கான சிறு முட்கள், பீடிங் தடுப்பு, கேம் தாங்கி, பிளக்கும் பிளேடு. முதலில் தொலைவது கேம் தாங்கியும் முட்களும். அவற்றைத் தனியாக வாங்கினால் விலை முழுக் கருவியின் பாதியை நெருங்கும். நிக்கல் முலாம் உரிந்திருப்பதை யாராவது சரிசெய்கிறேன் என்று புது முலாம் போட்டிருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்

லண்டனின் நாரிஸ், அயர் நகரத்து ஸ்பையர்ஸ், கிளாஸ்கோவின் மத்தீசன் இவர்கள் செய்த இன்ஃபில் இழைப்புளிகள் தனி உலகம். எஃகுப் பெட்டிக்குள் ரோஸ்வுட் அடைத்தவை. நாரிஸின் சரிசெய் திருகுக்கு 1913-இல் காப்புரிமை வந்தது. எண்ணுக்கு முன்னால் "ஏ" இருந்தால் அந்தத் திருகு உள்ளது என்று பொருள். ஏ5 அதிகம் தேடப்படுவது.

நாரிஸில் முதலில் கெடுவது அந்தத் திருகின் மரைதான். லீவர் கேப்பை இறுக்கி வைத்தபடியே பிளேடை நகர்த்தியவர்கள் மரையைத் தின்றுவிடுவார்கள். நேரில் பார்க்கும்போது கேப்பைத் தளர்த்திவிட்டுத் திருகை முழு நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். நடுவில் வழுக்கினால் பழுதுச் செலவைக் கழித்துத்தான் கேட்க வேண்டும். அடுத்து, மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே இடைவெளி. நூறாண்டில் மரம் சுருங்குவது இயல்பு. ஆனால் பிளேடு படுக்கும் மரப்படுகை எஃகைவிடத் தாழ்ந்திருந்தால் பிளேடு ஆடும். அப்புறம் வாய். புதிதில் அரை மில்லிமீட்டரும் இருக்காது. இப்போது இரண்டு மில்லிமீட்டர் என்றால், அடியைத் தேய்த்துத் தேய்த்து மெலித்திருக்கிறார்கள், அல்லது தடித்த அசல் பிளேடு போய் மெல்லிய பிளேடு வந்திருக்கிறது. பிளேடைத் தடிமனானதாக மாற்றினால் இரண்டாவது சரியாகும். முதலாவதுக்கு வைத்தியம் இல்லை. பக்கவாட்டில் புறாவால் இணைப்பின் கோடு கண்ணுக்குத் தெரிந்தால் பதற வேண்டாம், அது செய்நேர்த்தி. அந்தக் கோட்டில் இடைவெளி விழுந்திருந்தால் கீழே போட்டிருக்கிறார்கள்.

மர இழைப்புளிகள்

விலை குறைவாகத் தொடங்கி, திடீரென்று மிக மேலே போகும் பகுதி இது. விலையைத் தீர்மானிப்பது முன்முகத்தில் குத்திய செய்தவரின் முத்திரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மரச்சட்டத்தில் அலங்கார வளைவு இழைக்கும் மோல்டிங் இழைப்புளிகள் ஒன்பதரை அங்குலத்தில் நிலைபெற்றுவிட்டன. பத்து அங்குலத்தைத் தொட்டு, மேல் விளிம்புகள் உருண்டையாக இல்லாமல் தட்டையாகச் சீவப்பட்டிருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே முத்திரையைப் பாருங்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்தவை பெரும்பாலும் மஞ்சள் பர்ச் மரத்தில், பிற்காலத்தவை பீச் மரத்தில்.

அந்த முத்திரைகளில் மிக உயர்ந்த மதிப்புள்ளவற்றுள் ஒன்று சீசர் செலோருடையது. மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரில் இழைப்புளி செய்த பிரான்சிஸ் நிக்கல்சனிடம் அடிமையாக இருந்தவர் செலோர். 1753-இல் நிக்கல்சன் இறந்தபோது உயில்வழி விடுதலையும், நிலமும், கருவிகளும் பெற்றார். 1784-இல் இறக்கும்வரை தன் பெயரிலேயே இழைப்புளி செய்தார். பெயர் தெரிந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கக் கருவிக் கைவினைஞர் என்று மதிக்கப்படுகிறார். அடிமையாக இருந்த ஒரு மனிதர் தன் பெயரை மரத்தில் ஆழமாகக் குத்தியது இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. எனக்கு இந்தத் துறையில் இதைவிட மதிப்பான பொருள் வேறில்லை. மதிப்பு இவ்வளவு இருக்கும் இடத்தில் போலி முத்திரையும் வரும். அசல் குத்தில் மரநார் அமுங்கி, குழியின் அடியும் வெளிப்பரப்பும் ஒரே அளவு கறுத்திருக்கும். புதுக் குத்தில் அடி வெளிறியிருக்கும், அல்லது அந்த இடத்தில் மட்டும் சாயம் அடர்ந்திருக்கும்.

உள்வளைவு, வெளிவளைவு ஜோடிகள் முழுத் தொகுதியில் 18 ஜோடி, அதாவது 36 கருவி. ஒற்றைப்படையாகவோ இரட்டைப்படையாகவோ ஒன்பது ஜோடி சேர்ந்தது அரைத் தொகுதி. பட்டியலில் "தொகுதி" என்று இருந்தால் ஒவ்வொன்றின் முத்திரையையும் கேளுங்கள். ஒரே கைவினைஞரின் தொகுதிக்கும் பலரின் கருவிகளைச் சேர்த்த தொகுதிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. ஆப்பு அசலா, பிளேடின் வளைவு அடிப்பகுதியின் வளைவோடு ஒத்துப்போகிறதா, அடியில் பதித்த பாக்ஸ்வுட் பட்டை ஆடுகிறதா என்று பாருங்கள். துளைகளிலிருந்து புது மரத்தூள் உதிர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்துவிட்டுத்தான் மற்ற கருவிகள் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஏலம் கேட்பது

பட்டியலின் சுருக்கெழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். அமெரிக்கக் கருவி ஏலங்களில் பரவலாக உள்ள அளவுகோலில் "ஃபைன்" என்றால் அசல் பூச்சு 90 சதவீதத்துக்கு மேல், "குட் பிளஸ்" 75 முதல் 90, "குட்" 50 முதல் 75, "குட் மைனஸ்" 30 முதல் 50. "குட்" என்ற சொல்லை நல்லது என்று படித்துவிட்டு, பாதிப் பூச்சு போன கருவி வந்ததும் திகைப்பவர்கள் உண்டு. பட்டியலில் எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும். பக்கத்து லாட்டுக்கெல்லாம் (ஒரே எண்ணில் ஏலம் விடும் பொருள்) "விரிசல் இல்லை" என்று எழுதிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லையென்றால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

இனி பணக்கணக்கு. சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை இல்லை. பிரிட்டனில் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கட்டணத்தின்மேல் 20 சதவீத வாட் வரி உண்டு. ஆக 24 சதவீதம். இணையத் தளம் வழியாகக் கேட்டால் இன்னொரு 3 சதவீதமும் அதன்மேல் வரியும், 3.6. மொத்தம் 27.6 சதவீதம். கையில் இருப்பது 200 பவுண்டு, அனுப்பும் செலவு 25 என்றால், மிச்சம் 175-ஐ 1.276-ஆல் வகுக்க வேண்டும். 137 பவுண்டு வருகிறது. அந்த விலைப் பகுதியில் ஏலம் பத்துப் பத்தாக ஏறும் என்றால் உங்கள் எல்லை 130. கட்டண வீதம் ஒவ்வொரு விடுதியிலும் வேறு, நிபந்தனைப் பக்கத்தில் பார்த்து இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லையை ஏலத்துக்கு முந்தின நாளே லாட் எண்ணுக்கு நேராக எழுதி வையுங்கள். ஒரு தரம், இரண்டு தரம் என்று காதில் விழும்போது போடுகிற கணக்கு சரியாக வராது.

பத்தின் படிகளில் ஏறும்போது 130 யார் பக்கம் விழும் என்பது அதிர்ஷ்டம். எதிராளி 130-இல் நின்றால் நீங்கள் 140 சொல்ல வேண்டும். அதற்காக எல்லைக்கு மேல் "ஒரு படி" அனுமதிப்பதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அரிதான பொருளுக்கு அனுமதிக்கலாம், 4-ஆம் எண் இழைப்புளிக்கு வேண்டாம். வராமல் எழுதிக் கொடுக்கும் ஏலத்தில் இருவர் ஒரே தொகை கொடுத்தால் முந்திக் கொடுத்தவருக்கே போவது வழக்கம்.

ஈபேயில் முறை வேறு. உங்கள் உச்சத்தொகையைப் போட்டால், இரண்டாவது ஆளின் தொகைக்கு ஒரு படி மேலே மட்டும்தான் விலை நிற்கும். அமெரிக்கத் தளத்தில் 25 முதல் 100 டாலருக்குக் கீழ்வரை படி ஒரு டாலர், 100 முதல் 250-க்குக் கீழ்வரை இரண்டரை டாலர். முழு எண் போடுகிறவர்கள் அதிகம், அதனால் 151.37 போல உதிரிச் சில்லறை சேர்த்துப் போடுங்கள். மூன்று நாள் முன்னாலேயே கேட்டு வைத்தால் மற்றவர்கள் உங்களை ஒவ்வொரு டாலராகத் தட்டிப் பார்த்து ஏற்றிவிடுவார்கள். கடைசிச் சில விநாடிகளில், உங்கள் உண்மையான உச்சத்தொகையை ஒரே முறை போடுவதே சரி.

பெட்டி லாட்டுகள் என்று கலந்துகட்டி வரும். அவற்றில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விலை போடுங்கள், மிச்சத்துக்குப் பூஜ்யம். முன்நாள் பார்வையில் இருந்த பொருள் ஏல நாளில் வேறு பெட்டிக்கு மாறியிருக்கக்கூடும். அதனால் பார்வை நேரத்தில் பெட்டியை மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சட்டமும் கட்டும்

ஷெஃபீல்டின் மார்ப்பிள்ஸ் செய்த "அல்டிமேட்டம்" பிரேஸ் (கையால் சுழற்றித் துளையிடும் கருவி), பித்தளைச் சட்டத்தில் கருங்காலி அடைத்தது, அழகில் ஈடில்லாதது. அதுபோன்ற கருவிகளின் தலையிலும் பள்ளம் இழைக்கும் சில ப்ளவ் இழைப்புளிகளின் நுனிகளிலும் தந்தம் பதித்திருப்பதுண்டு. பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1947-க்கு முந்தைய, தந்தம் 10 சதவீதத்துக்கும் குறைவான பொருளைப் பதிவு செய்துதான் விற்கலாம். பதிவு எண் இல்லாவிட்டால் ஏலம் கேட்காதீர்கள். இந்தியாவுக்குத் தந்தம் பதித்த எதையும் வரவழைக்கவே நினைக்காதீர்கள். கைப்பிடி ரோஸ்வுட்டும் கவனம். பழைய ஸ்டான்லிகளில் உள்ளது, நம்மூர் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்ப ஆவணம் வேண்டும்.

கட்டுவதற்கு எழுத்தில் சொல்லுங்கள். பிளேடு, சிப் பிரேக்கர், லீவர் கேப் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். உடலைக் குமிழும் கைப்பிடியும் எதையும் தொடாதபடி அட்டைக்குள் இறுக்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு இழைப்புளி போட்டால் நடுவே கெட்டியான தடுப்பு தேவை. ஏறத்தாழ நான்கரை கிலோ எடையுள்ள 8-ஆம் எண், பக்கத்தில் கிடக்கும் ஒன்றேமுக்கால் கிலோ 4-ஆம் எண்ணின் பக்கச் சுவரை ஒரே குலுக்கலில் உடைத்துவிடும். செய்தித்தாள் கசக்கி நிரப்புவது போதாது, பயணத்தில் அது நசுங்கி இடம் விட்டுவிடும்.

வந்ததும் கம்பிப் பிரஷையும் சுழல் சக்கரத்தையும் எடுக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள், பட்டியல் வர்ணனையோடு ஒப்பிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி உங்களிடமே தங்கும் என்று உறுதியானபின் மண்ணெண்ணெயும் துணியும். மரை சிக்கியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருங்கள். பித்தளைத் திருகு இடக்கை மரை என்பதை மறந்து தவறான பக்கம் முறுக்கித்தான் பலர் தண்டை ஒடிக்கிறார்கள். துருவுக்கு மின்பகுப்பு முறை பிளேடுக்கும் சிப் பிரேக்கருக்கும் நல்லது: நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், கருவி எதிர்முனையில் (மைனஸ்), நேர்முனையில் (பிளஸ்) சாதாரண இரும்புத் தகடு. துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஜப்பானிங் உள்ள உடலை இந்தத் தொட்டியில் இறக்கினால் பூச்சு தோலாக உரிந்துவிடும். உடலுக்கு எண்ணெயும் நுண்ணிய எஃகுப் பஞ்சும், அதுவும் பூச்சில்லாத முகங்களில் மட்டும். முடித்ததும் உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, பிளேடை ஒரு நூல் உள்ளிழுத்து வையுங்கள்.